சராசரித் தாகம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, உணர்வுநேரம். அடுப்பில் பால் பொங்கினாலும் தருவைக்கரைத் தொகுதியில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். மணிக்கட்டில் கட்டிய உணர்பட்டை அவரவர் பசி, வலி, தாகத்தை எடுத்து, சராசரியாக்கி, எம்.எல்.ஏ.வின் உடம்பில் ஏற்றும். அந்த உடம்பு உணர்ந்ததை மட்டுமே அவர் சட்டமன்றத்தில் பேசலாம். பொய் வாக்குறுதிகளை ஒழிக்க வந்த சட்டம் இது.

பனையடியேந்தலில் கடல் ஏறி, கிணறு உப்பாகி, ஆறு வருடம் ஆகிறது. ஊரில் நானூறு பேர். வேண்டியது ஒரு குடிநீர்க் குழாய். அதற்காக ஜெயக்கொடி ஒரு கேன் கிணற்றுத் தண்ணீரோடு ஒன்பதாவது முறையாக எம்.எல்.ஏ. அருள்வேந்தன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். உணர்வுநேரம் முடிந்து அவர் கண்ணைத் திறந்தார். நல்ல மனிதர். அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சத்தியமா சொல்லுதேம்மா, எனக்குத் தாகமே இல்ல."

"ஒங்களுக்கு எப்படிய்யா இருக்கும்? தொகுதிய மாத்தி வரைஞ்சு எங்கள நீலத்துறை டவுனோட சேத்துட்டாங்க. அங்க மூணு லட்சம் பேரு வயிறு முட்டக் குடிக்காங்க. போன மாசம் ஒங்களுக்கு ஒறைக்கட்டும்னு ஊரே ரெண்டு நாளு பச்சத்தண்ணி பல்லுல படாம கெடந்தமே, அப்பவாவது ஒண்ணும் தெரியலியா?"

அவர் யோசித்தார். "ஒரு விக்கல் வந்துச்சு. யாரோ நம்மள நெனைக்காங்கன்னு ஒரு செம்புத் தண்ணி குடிச்சேன். நின்னுட்டு."

ஜெயக்கொடிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பட்டைக்கு முந்தைய காலத்தில் இந்தத் தொகுதிக்கு அடுத்தடுத்துப் பன்னிரண்டு எம்.எல்.ஏ.க்கள். அத்தனை பேரும் வாயைத் திறந்தால் பொய். ஆனால் பொய் சொல்லவாவது ஊருக்குள் வந்தார்கள். அதில் ஒருவர் தேர்தலுக்குப் பயந்து வெட்டிய கிணற்றைத்தான் ஊர் நாற்பது வருடம் குடித்தது.

அவள் கேனைத் திறந்து டம்ளரில் ஊற்றினாள். "குடிங்க."

அருள்வேந்தன் ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணியது, கண்ணில் நீர் முட்டியது. "இதையா பிள்ளைகளுக்குக் குடுக்கீங்க?" என்றவர் உடனே மேசை மீதிருந்த பதிவுப்பொறியிடம் கோரிக்கையைச் சொன்னார்.

பொறி பதில் சொன்னது: "இது உறுப்பினரின் சொந்தத் துன்பம். தொகுதியின் துன்பம் அல்ல. மன்றத்தில் எழுப்ப இன்னும் ஒன்பதாயிரம் பேருக்குத் தாகம் எடுக்க வேண்டும்."

அவர் அவளைத் தேற்றத்தான் நினைத்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா. உப்பு ஏறுத வேகத்துக்கு, சுத்துப்பட்டு ஏழு ஊரும் சேந்துட்டா நாலு வருஷத்துல ஆயிரும்."

திரும்பும் வழியில் பேருந்து, அந்த ஏழு ஊர்களில் ஒன்றான செம்மண்விளையில் நின்றது. அடிபம்பில் பெண்கள் நல்ல தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்த் தண்ணீர் எப்போது கெடும் என்று ஜெயக்கொடியின் மனம் கணக்குப் போட்டது. சீக்கிரம் கெட்டால் தேவலை என்றும் நினைத்தது.

வரிசையில் மூன்றாவதாக, இந்த ஊரில் கட்டிக்கொடுத்த அவள் மகள் நின்றாள், எட்டு மாத வயிற்றோடு. அம்மாவைப் பார்த்ததும் சிரித்துக் கையசைத்தாள். ஜெயக்கொடியால் கையைத் தூக்க முடியவில்லை.