மீராசா ஹாஜியார் வீட்டுக் கோப்பிப் பேணி

சபூறா வந்த வேகத்தில் முக்காடு தோளில் கிடந்தது. ஊர் வழக்குகளைத் தீர்த்துவைக்கிற விதானையார் அதாவுல்லாவின் வாசலில் ஓலைப்பெட்டியைத் தொப்பென்று வைத்த பிறகுதான் அதை இழுத்துத் தலையில் போட்டாள்.

"விதானையார், நீங்கதான் இதுக்கொரு முடிவு சொல்லணும். நான் கருகல் கொட்டையும் பழங்கொட்டையும் கலந்து கோப்பி விக்கிறனாம். மீராசா ஹாஜியார் சந்தைக்குள்ள நிண்டு எல்லாரும் கேக்கச் சொல்லிப்போட்டார். வாங்கின ஆக்களெல்லாம் திருப்பிக் கொண்டுவந்து வாசல்ல வச்சிட்டுப் போறாங்க. இந்தா பாருங்க!"

"இரி தங்கச்சி. முதல்ல மூச்ச விடு," என்றார் விதானையார். அந்த மனிதருக்கு அவசரம் என்ற ஒன்றே கிடையாது. கல்முனைக்குடியில் மாடு களவு போனாலும் சரி, வேலி அரையடி நகர்ந்தாலும் சரி, வெற்றிலையை மடித்து வாயில் வைத்த பிறகுதான் முதல் கேள்வி வரும்.

பக்கத்தில் நின்ற மர்சூக்குக்கு அந்த வெற்றிலை மடிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் விதானையாரின் பெண்சாதியின் தம்பி. சொந்தமாகத் தையற்கடை வைத்திருந்தான். ஒரு வழக்கு வந்துவிட்டது என்று காதில் விழுந்தால் போதும், ஒரு கை மட்டும் தைத்த சேட்டு ஒன்றை மெசினிலேயே விட்டுவிட்டு சைக்கிளில் ஏறிவிடுவான். நோன்புப் பெருநாளைக்குக் கொடுத்த துணி ஹஜ்ஜுப் பெருநாளைக்குத்தான் வரும் என்று ஊரில் அவனுக்கு ஒரு பேர்.

சபூறாவின் கோப்பியைப் பற்றி இங்கே சொல்லாமல் முடியாது. அந்த ஊரில் நல்ல கோப்பி குடிக்க நினைத்தவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கடைத்தூள் வாங்கினால் அதில் கோப்பி எவ்வளவு, வறுத்த அரிசி எவ்வளவு என்று படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். விலையோ கையைக் கடிக்கும். மலைநாட்டுப் பச்சைக்கொட்டை வாங்கி வீட்டில் வறுத்தால் பாதி கருகும், பாதி வேகாது. சபூறா என்ன செய்தாள்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆட்கள் வெளியே வருகிற நேரத்துக்கு வறுத்து முடித்து, சூட்டோடு கொட்டையாகவே அளந்து கொடுத்தாள். பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக்கும் கட்டும், தோணிக்காரன் வீட்டுக்கும் கட்டும் விலை. இடிப்பது அவரவர் வீட்டு உரலில். அதனால் பொய்க்கு அங்கே இடமே இல்லை. அவள் புருஷன் வள்ளம் இழுக்கும்போது கால் நசுங்கிப் பாயில் கிடந்தான். வீட்டு உலை கொதித்தது இந்தக் கோப்பிச் சட்டியை நம்பித்தான்.

"வாற வெள்ளிக்கிழமையும் ஒருத்தரும் வராட்டி என்ட அடுப்பு அணைஞ்சிரும்," என்றாள் சபூறா. "ஹறாமான சாமான் விக்கிறவள் எண்டு பேர் எடுத்துட்டு நான் இந்த ஊருல எப்படி இரிக்கிற?"

விதானையார் பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளினார். எல்லாம் ஒரே நிறம், காய்ந்த புளியம்பழத் தோல் மாதிரி. மணம் முற்றத்தையே நிறைத்தது. ஒரு கொட்டையைப் புரட்டி நடுவெடிப்பை நகத்தால் கீறினார். இரண்டு குறுமணல் உள்ளங்கையில் விழுந்தது.

"இது என்ன?"

"கடல் மணல். நல்ல தண்ணியில கழுவிக் காயவச்சு, அந்த மணல்லதான் வறுக்கிறன், கச்சான் கடலை வறுக்கிற மாதிரி. அப்பதான் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும். எப்படி அரிச்சாலும் வெடிப்புக்குள்ள ஒண்டு ரெண்டு மணல் நிக்கத்தான் செய்யும். குடிக்கக்குள்ள மண்டியோட அடியில தங்கிரும்."

மர்சூக் துள்ளினான். "மச்சான், ஆள் எனக்குத் தெரியும்! ஷரிபுதீன் முதலாளி! இவ வறுக்கத் தொடங்கினதிலிருந்து அவர்ட தூள் போகுதே இல்ல."

"அப்ப வா, அவரையே கேட்டுப் பாப்பம்."

சந்தை முகப்புக் கடையில் ஷரிபுதீன் முதலாளி சந்தோஷத்தை ஒளிக்கவே இல்லை. "அல்லாஹ் பெரியவன், விதானையார்! மூணு நாளா என்ட தூளுக்கு ஆள் வருது."

"உங்களிட்ட வறுத்த கொட்டை இரிக்கா முதலாளி?"

"கொட்டையா?" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கொட்டையா வித்தா என்ன மிஞ்சும்? எனக்குக் கொழும்பிலிருந்து தூளாத்தான் வருது. அதில என்ன இரிக்கெண்டு எனக்கே தெரியாது. வேணுமெண்டா கடை முழுக்கத் தேடுங்க."

மர்சூக் உண்மையிலேயே தேடினான். கண்டதெல்லாம் தூள், அதில் இரண்டு எறும்பு. முகம் தொங்கிப் போய் வெளியே வந்தான்.

மீராசா ஹாஜியாரின் வீடு கடற்கரைத் தெருவில் இருந்தது. மகள் றாஹிலாவுக்குக் கலியாணம் முடிந்து கொஞ்ச நாள்தான். ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட்டார். றஸாக் என்று பேர், பொத்துவில் ஊர்ப் பிள்ளை. மாமியார் மைமூனாவுக்கும் மருமகனுக்கும் நடுவே எப்போதும் ஒரு திரை. மருமகன் மண்டபத்தில் இருந்தால் மாமியார் அடுப்படியில். வேண்டியதெல்லாம் றாஹிலா வாய்வழி போய் வரும். புது மாப்பிள்ளை சாப்பாட்டில் குறை சொல்வது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. சொன்னால் மாமியார் ஒரு கிழமைக்குச் சோறு தின்னமாட்டார்.

றஸாக்தான் கதிரை கொண்டுவந்து போட்டார். வெட்கம் பிடித்த மனிதர், குனிந்த தலை நிமிரவில்லை. அவர் பக்கத்தில் வந்தபோது மர்சூக்குக்கு அருமையான கோப்பி மணம் அடித்தது. 'அடுப்படியில் ஊற்றுகிறார்கள் போல' என்று நாக்கைச் சப்புக் கொட்டினான்.

"நான் பொய் சொல்லல்ல," என்றார் ஹாஜியார் உட்கார்ந்ததும் உட்காராததுமாக. "பேணியத் திறந்து நீங்களே பாருங்க. மலிவா விக்கக்குள்ளயே யோசிச்சிருக்கணும். மாப்பிள்ளை போன கிழமை தாயப் பாக்கப் பொத்துவிலுக்குப் போய் வந்தார். களைச்சு வந்த மனிசனுக்கு நல்ல கோப்பி ஒண்டு குடுக்க ஏலாமப் போயிட்டு. எனக்கு எவ்வளவு மானக்கேடு!"

பெரிய பிஸ்கட் பேணி, கழுத்துவரை கொட்டை. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கரிக்கட்டை, மறுபக்கம் கபில நிறம். விதானையார் ஒன்றை எடுத்துக் கீறினார், இன்னொன்றைக் கீறினார், அடியில் கைவிட்டு எடுத்தும் கீறினார். உள்ளங்கையில் ஒன்றும் விழவில்லை. முகர்ந்து பார்த்த மர்சூக்கின் மூக்குக்குக் கரி நாற்றம் மட்டும்தான் கிடைத்தது.

"இதிலயே கோப்பி ஊத்தச் சொல்லுங்க," என்றார் விதானையார்.

கோப்பி வந்தது, றஸாக்கும் ஓரமாக உட்கார்ந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். மர்சூக் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். றப்பே, என்ன கசப்பு! ஹாஜியார் கோப்பையைத் தள்ளிவைத்தார். விதானையார் அமைதியாக ஒரு மிடறு விழுங்கிவிட்டுத் திரையைப் பார்த்துக் கேட்டார்:

"மைமூனா ராத்தா, இந்தப் பேணி எங்க இரிக்கிற?"

"மாப்பிள்ளைக்கெண்டு வாங்கிற சாமான், விதானையார். புள்ளைகள்ட அறை அலுமாரிக்குள்ளதான் வைக்கிற," என்றது திரைக்குள்ளிருந்து குரல். "காலையில மகள் ஒரு பிடி எடுத்துத் தருவாள், நான் இடிப்பன். கொட்டை கறுப்பா இரிக்கெண்டு நான் அப்பவே சொன்னன். ஒரு நல்லது, மாப்பிள்ளை குறை சொல்ற ஆளே இல்ல. முந்தியெல்லாம் வெக்கத்தில அரைக் கோப்பை மிச்சம் வைப்பார். இப்ப வீட்டோட பழகிட்டார்."

விதானையார் தலையாட்டினார். "மர்சூக், சைக்கிள எடு. சபூறாவ சுறுக்கா வரச் சொல்லிப்போட்டு, ஷரிபுதீன் முதலாளிய ஏத்திக்கொண்டு வா."

"அப்ப முதலாளிதானே மச்சான்?"

"போயிட்டு வா. நீ பேர் சொன்ன மனிசனும் முன்னால நிக்கணும்."

முதலாளியின் பாரத்தோடு மணல் தெருவில் சைக்கிள் மிதித்து மர்சூக் வந்து சேர்ந்தபோது அவன் சேட்டைப் பிழியலாம் போலிருந்தது. சபூறா கதவோரமாக நின்றாள். ஹாஜியார் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. விதானையார் வாய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்து, ஆறுதலாகத் தொடங்கினார்.

"ஹாஜியார், கலப்படம் எண்டா என்ன? நல்லதுக்குள்ள கெட்டது கிடக்கணும். நான் மேலயும் எடுத்துப் பாத்தன், அடியிலயும் எடுத்துப் பாத்தன். இந்தப் பேணிக்குள்ள நல்ல கொட்டை ஒண்டுகூட இல்ல. சபூறா கடல் மணல்ல வறுக்கிறவள். அவட கொட்டையில நிறம் ஒண்டுபோல இரிக்கும், வெடிப்புக்குள்ள மணல் நிக்கும். இதில ஒரு பக்கம் கருகிக் கிடக்கு, மணலே இல்ல. இது இரும்புச் சட்டியில வறுத்த கொட்டை. அவ குடுத்தது இது இல்ல. ஆரோ முழுசா மாத்தியிரிக்காங்க."

"நான் சொன்னேனே!" என்று மர்சூக் முதலாளியைப் பார்த்தான்.

"நீ சொன்ன மனிசன்ட கடையில ஒரு கொட்டை கண்டியா? அவர் இந்த வீட்டு அறை அலுமாரிய எப்படித் திறப்பார்? மறுகா, அவளக் கெடுக்க நினைக்கிறவன் ஒரு பேணிக்கு மண்ணெண்ணெய் விட்டாப் போதும். இந்த ஆள் அப்படிச் செய்யல்ல. எடுத்த அளவுக்கே வேற கொட்டை கொண்டுவந்து கழுத்துவரை நிரப்பியிரிக்கார். அப்ப கெடுதல் நினைச்சுச் செய்யல்ல. இந்தக் கருகின கோப்பிதான் அவருக்குப் பிடிக்கும். நல்ல கொட்டைய எறியவும் மனம் வரல்ல. இன்னும் இந்த வீட்டுக்குள்ளதான் இரிக்கி. மர்சூக், நீ கதிரையில இரிக்கக்குள்ள உனக்கு என்ன மணத்த?"

"கோப்பி. நல்ல கோப்பி."

"அடுப்படியில ஊத்தினது இந்தக் கரிக்கொட்டை. அதுக்கு மணமே இல்லயே?"

மர்சூக்குக்கு அப்போதுதான் விளங்கியது. மணம் வந்தது அடுப்படியிலிருந்து அல்ல. கொட்டையை ஒளித்துவைத்த துணிப்பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட ஒரு சேட்டிலிருந்து. அவன் கண் தானாகவே மேசைக்குப் போனது. நாலு கோப்பை. ஹாஜியாருடையது நிறைய, தன்னுடையதும் நிறைய, விதானையாருடையதில் ஒரு மிடறு குறைவு. நாலாவதில் மண்டி மட்டும்தான் மிச்சம்.

"ஆரெண்டு நான் சொல்லப் போறல்ல," என்றார் விதானையார். "வழக்கும் எழுதப் போறல்ல. சொல்ல வேண்டிய ஆளுக்கு வாய் இரிக்கி."

றஸாக் எழுந்தார். முகம் சிவந்து, காதும் சிவந்து போயிருந்தது. அவர் ஹாஜியாரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்து நின்றார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தத் திரையிடம் அவர் ஒரு சொல் கதைத்ததில்லை.

"மாமி, நான்தான். உங்கட கைப் பக்குவத்தில பிழையில்ல. எனக்குச் சின்னனிலிருந்து உம்மா கருக வறுத்த கோப்பிதான் பழக்கம். வேற ஒண்டும் இறங்குதில்ல. சொன்னா நீங்க மனம் நோவீங்கெண்டு பயந்துட்டன். உம்மாட்ட வாங்கிட்டு வந்து மாத்தி வச்சன். எல்லாக் கொட்டையும் ஒண்டுதானே, ஆருக்கு வெளங்கப்போகுதெண்டு நினைச்சன். மாமா சந்தையில கத்தினதைக் கேட்டப் புறகு, சொல்லப் போன வாய் திறக்கல்ல."

"அட என்ட வாப்பா! றாஹிலாக்கிட்ட ஒரு சொல்லுச் சொன்னா நான் கரியாக்கியே தந்திருப்பனே!" என்று மைமூனா சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்.

ஹாஜியார் நெற்றியைத் துடைத்தார். "சரி, வெளங்கிட்டு. வீட்டுக் கதை வீட்டோட இரிக்கட்டும். சபூறா, உனக்கு நான் நெல்லு ரெண்டு மூடை அனுப்பிறன். இனி இந்த வீட்டுக்குக் கோப்பியும் நீதான்."

"நெல்லு வேணாம், ஹாஜியார்," என்றாள் சபூறா. "என்ட பேர சந்தைக்குள்ள போட்டு மிதிச்சீங்க. சந்தைக்குள்ளதான் அத எடுத்துத் தரணும்."

"புது மாப்பிள்ளைய சந்தையில நிப்பாட்டச் சொல்றியா? ஊர் சிரிக்கும்!"

"மூணு நாளா என்னைப் பாத்து ஊர் சிரிக்கல்லியா?"

மர்சூக் விதானையாரைப் பார்த்தான். அவர் அடுத்த வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். றஸாக் அறைக்குள் போனார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு தலையணை உறையைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வந்தார், அதில் நிறையக் கோப்பிக்கொட்டை.

"நான் போறன், மாமா," என்று செருப்பை மாட்டினார்.

அஸர் தொழுதுவிட்டு ஆட்கள் மீன் வாங்க வரும் நேரம். சந்தை நடுவில் நின்று அந்தக் கூச்சக்கார மனிதர் உறையை அவிழ்த்து, எல்லாவற்றையும் சொன்னார். உம்மாவின் கோப்பி வேண்டும் என்று ஆசைப்பட்டதையும் சொன்னார், பேணியை மாற்றியதையும் சொன்னார், பயந்து வாயை மூடியிருந்ததையும் சொன்னார். "சபூறா ராத்தாட கொட்டையில ஒரு குறையும் இல்ல," என்றார். மீன்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவன் "உம்மாட மடிக்குப் போ மாப்பிள்ளை!" என்று கூவினான். றஸாக் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு ஹாஜியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மருமகனுக்குப் பக்கத்தில் நின்று, "பிழை என்னிலயும்தான். விசாரிக்காமக் கதைச்சிட்டன்," என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். மர்சூக் சும்மா இருந்த சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

உறையில் கைவிட்டு முகர்ந்து பார்த்த ஒரு தோணிக்காரன், "ராத்தா, வெள்ளிக்கிழமை வறுப்பீங்கதானே?" என்று கேட்டான்.

"வறுப்பன். வெள்ளன வாங்க, முடிஞ்சிரும்."

சபூறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு றஸாக்கின் பக்கம் திரும்பினாள். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அது கண்ணில் தெரிந்தது.

"கருகின கோப்பிதான் வேணுமெண்டா உங்களுக்குக் கருக வறுத்தும் தருவன், மாப்பிள்ளை. அதே விலைதான். வாயத் திறந்து கேட்டாப் போதும்."