புதன்கிழமைக் குளியல்

புதன்கிழமை மத்தியானம் குளியல் குடிசையிலிருந்து புகை எழுந்தது. அந்தப் பக்கத்தில் சனிக்கிழமை தவிர வேறு நாளில் யாரும் குளியலுக்கு அடுப்பு மூட்டுவதில்லை. அதோடு, ஒரு மாதமாகத் தேவைக்கு மேல் வாய் திறக்காத பெலகேயா இன்று விறகை அள்ளிக்கொண்டு போகும்போது எதையோ மெல்லப் பாடிக்கொண்டு போனாள். சன்னலோரம் நின்று லிதியா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெர்ஹோவ்ஸ்கி பண்ணையின் ஒரே வாரிசு லிதியா. போன மாதம் நகரத்துப் புரட்சிக்காரர்கள் மாளிகைக்குள் நுழைந்த அன்று, பெலகேயாவின் மகள் கிளாஷா ஆசைக்கு லிதியாவின் ரோமக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவருமே பெலகேயாவிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள்.

"இதுல பண்ணை வீட்டுப் பொண்ணு எவ?" என்றான் துப்பாக்கிக்காரன்.

"அவதான்."

லிதியாவின் வாய்தான் அதைச் சொன்னது. கிளாஷா மறுக்கவில்லை. ஒன்றும் புரியாதவளாக அவளைப் பார்த்தாள், அவ்வளவுதான். பள்ளத்தில் வைத்துச் சுட்டார்கள். உடலைப் பனி மூடியது. "எனக்காக அவளே முன்னால போனாம்மா" என்று லிதியா பெலகேயாவிடம் சொன்னாள். அதை நம்பித்தான் பெலகேயா அவளைக் காட்டோரக் குடிசைக்குக் கூட்டி வந்து, கேட்டவர்களிடமெல்லாம் தன் மகள் என்று சொல்லிக் காப்பாற்றினாள்.

பெலகேயா கையைத் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

"யாருக்கும்மா வெந்நீர்?"

"என் மகளுக்கு. பாவம், எவ்வளவு நாளா குளிர்ல கிடக்குறா!"

"உனக்கு உடம்பு சரியில்ல. கொஞ்சம் படுத்துக்கோ."

"எனக்கென்ன? நேத்து வந்தா. எல்லாத்தையும் சொன்னா." பெலகேயா சிரித்தாள். "முதுகு தேய்க்க உன்னத்தான் கேக்குறா, சின்ன எஜமானியம்மா. போ."

வாசலில் பனிச்சறுக்கு வண்டி இழுபட்ட தடம் தெரிந்தது. பெற்றவள் பிணத்தை இழுத்து வந்திருக்கிறாள், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று லிதியா தேற்றிக்கொண்டாள். ஓடியிருக்கலாம். ஆனால் ஒரு செம்பு வெந்நீராவது கிளாஷாவுக்கு ஊற்ற வேண்டும் போலிருந்தது.

உள்ளே ஆவி முகத்தில் அடித்தது. குளிக்கும்போது உடம்பில் அடித்துக்கொள்ளும் பூர்ச்ச மர இலைக்கொத்தின் வாசனை, அதற்கடியில் இன்னொரு வாடை. சிறு துவாரத்தின் மங்கல் வெளிச்சத்தில், உட்கார அடித்திருந்த மேல் பலகையில், அவளுக்கு முதுகைக் காட்டி ஒருத்தி இருந்தாள்.

படுத்திருக்கவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

விறைத்த உடம்புதானே. அப்படித்தான் இருக்கும்.

வெந்நீரை ஊற்றினாள். நாரால் தேய்த்தாள். அந்தச் சூட்டிலும் தோல் பனிக்கட்டி. தோளுக்குக் கீழே குண்டு துளைத்த இடம்.

"கிளாஷா... நான்தான் உன்னக் காட்டிக் குடுத்தேன்."

நீர் சொட்டியது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அம்மா! கதவத் திற! அம்மா!"

காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மேலே பலகை கிறீச்சிட்டது. உட்கார்ந்திருந்தவள் திரும்பாமலே மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, இன்னொருத்தி உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள்.