கண்ணாடி பிடித்த விரல்கள்

“திருடன் வீட்டுப் பொண்ணு திருட்டுப் படத்தைத் தேடப் போகுதாம்!” கடைவீதியே கேட்கும்படி சிரித்தார் எஸ்டேட் முதலாளி செல்லத்துரை.

ஞானசௌந்தரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருநூறு வருஷத்துக்கு முன் அமெரிக்காவிலிருந்து வந்த ஓவியர் எபனேசர், தன்னையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படத்தோடு பருந்துமேட்டுக் காட்டில் மறைந்துபோனார். பென்சிலில் போட்ட முதல் வரைவோடு தனியாக ஓடிவந்த வேலையாள் அந்தோனியைத் திருடன் என்று பிடித்தார்கள். அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை; சிறையிலேயே செத்தான். அவன் இவளுடைய பாட்டனுக்குப் பாட்டன்!

“படத்தோடதான் மலை இறங்குவேன். இதே வாயால நீங்க மன்னிப்புக் கேக்கணும்!”

தன் பியூட்டி பார்லரைப் பூட்டினாள். ஜீப் ஓட்டும் தோழி மரகதத்தோடு கிளம்பிவிட்டாள்.

அட்டை கடித்தது, முள் கிழித்தது. பென்சில் வரைவின் நகலில் ஓவியருக்குப் பின்னால் ஒரு குகை, அதன் வலப்பக்கம் அருவி. அதே போன்ற குகையைக் கண்டுபிடித்து நுழைந்தால், உள்ளே வௌவால் எச்சம்தான்!

“போயிரலாம்க்கா, மழை வருது.”

“நீ போடி. நான் வரமாட்டேன்!”

வீம்பாக உட்கார்ந்து நகலையே முறைத்தாள். தூரிகை இடக்கையில். சட்டைப் பொத்தானும் பக்கம் மாறியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணாடியைப் பார்த்தே கத்தரித்து, கல்யாணப் பெண்ணின் முடியைப் பக்கம் மாற்றி வெட்டி வாங்கிக் கட்டிக்கொண்டவள் ஆயிற்றே!

“மரகதம்! இந்த ஆளு கண்ணாடி பாத்துல்ல வரைஞ்சிருக்காரு! குகையும் மாறித்தான் தெரியும். அருவி இடப்பக்கம்டி!”

எதிர்ச்சரிவுக்குப் பாய்ந்தார்கள். பாசிப் பாறையில் மரகதம் சறுக்கினாள். முடியைப் பிடித்தே இழுத்துக் காப்பாற்றினாள் ஞானசௌந்தரி. அருவிக்கு வலப்புறம் குகை! உள்ளே ஒரு எலும்புக்கூடு, பக்கத்தில் மெழுகு பூசிய தகரப் பெட்டி. பெட்டிக்குள் படம்!

செம்பட்டை முடி, நீலக் கண். படத்தின் ஓரத்தில், கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்திருக்கும் நான்கு கறுத்த விரல்கள். பின்பக்க ஆங்கிலத்தை மரகதம் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: ‘கண்ணாடி பிடித்தவன் அந்தோனி. காய்ச்சலில் கிடக்கும் என்னை விட்டுப் போக மறுத்தான். உதவி கேட்டு வர நான்தான் அனுப்பினேன். இந்தப் படம் அவனுக்கு.’

ஞானசௌந்தரி அந்த விரல்களைத் தொட்டு, வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் கடைவீதியில் படத்தை நிறுத்தினாள். படித்து முடித்த செல்லத்துரை முணுமுணுத்தார்: “மன்னிச்சிரும்மா.”

“கேக்கல. அன்னைக்குச் சிரிச்சீங்களே, அந்தச் சத்தம் வேணும். எங்கிட்ட இல்ல, அந்தோனிகிட்ட!”

அவர் தோள் துண்டை எடுத்துவிட்டு, அந்த விரல்களுக்கு முன்னால் உரக்கவே மன்னிப்புக் கேட்டார்.

நம் முகத்தையே கண்ணாடி பக்கம் மாற்றித்தான் காட்டுகிறது. அடுத்தவர் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் பேசினால் என்ன குறைந்துவிடும்?