ஐந்து நாள் காய்ச்சல்

செவ்வாய்க்கிழமை, காலை 6.40.

மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது ஞானவேல் இறந்திருந்தார். வயது நாற்பத்துநான்கு. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு விவசாயி. முந்தின நாள் மதியம் கண்கள் மஞ்சளாகி, ஓயாத வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர், ஒரே இரவில் அடங்கிவிட்டார்.

7.30. அண்ணன் திருமலைச்சாமி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். அட்டுவம்பட்டியில் ஜீப் ஓட்டுபவர்.

"என் தம்பிய அவன் பொண்டாட்டி வெசம் வச்சுக் கொன்னுட்டா. வெள்ளிக்கெழம குழாயடியில ஊரே கேக்க, 'இப்படியே கெடந்து சாவுங்க'ன்னு கத்துனா. வீட்ல பூச்சிமருந்து டின்னு இருக்கு, மேடம்."

இன்ஸ்பெக்டர் தேவசேனா புகாரை எழுதி வாங்கினார்.

9.15. ஞானவேலின் மனைவி மகாதேவி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டார்.

"சாவுங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஏன்?"

"புதன்கெழமயிலருந்து காய்ச்சல். அதோடயே பூண்டு புடுங்கப் போனாக. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு கும்புட்டுப் பாத்தேன். சோலி கெடக்குன்னாக. ஆத்திரத்துல வந்த வார்த்த மேடம்."

"என்ன சாப்பிட்டார்?"

"பழனிக்கு மாலை போட்டிருந்தாக. ஒரு வேள சோறுதான். காய்ச்சல் வந்ததும் அதுவும் எறங்கல. வெறும் கஞ்சித்தண்ணி."

"மருந்து?"

"காய்ச்சல் மாத்திர. நாந்தான் குடுத்தேன். ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. கூட ஒண்ணு குடுக்கல."

அது உண்மைதான் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சண்முகப்பிரியா உறுதி செய்தார். "நானும் அவர்கிட்ட கேட்டேன். காய்ச்சல் மாத்திரை மட்டும், நாளுக்கு நாலுன்னார். அது சரியான அளவு. அதனால மாத்திரைய விட்டுட்டு என் சந்தேகம் வேற பக்கம் போயிடுச்சு."

11.50. தேவசேனா ஞானவேலின் வீட்டைச் சோதித்தார். பூச்சிமருந்து டின்னின் சீல் உடையவே இல்லை. ஆணியில் தொங்கிய சட்டைப் பையில் கத்தரித்த மாத்திரை அட்டைத் துண்டுகள் இருந்தன. தோட்டத்துக் கொட்டகையில், சாக்குக்குப் பக்கத்தில், காலியான முழு அட்டைகள் இரண்டு. அவை வேறு நிறம். சட்டைப்பைத் துண்டுகளில் மாத்திரையின் பெயரில் பாதிகூட இல்லை. எழுத்தெல்லாம் கத்தரியில் போயிருந்தது.

ஊர் மளிகைக்கடையில் அந்தத் துண்டுகளைக் காட்டினார்.

"சளி மாத்திரைங்க. மூக்கு ஒழுகுதுன்னு தெனம் நாலு வாங்குனாரு. வெட்டித்தான் குடுப்போம்" என்றார் கடைக்காரர்.

"வெட்டாத அட்டை ஒன்று கொடுங்கள்."

தேவசேனா அதைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துப் படித்தார். பிறகு கொட்டகையில் எடுத்த அட்டையைப் படித்தார். காய்ச்சல் மாத்திரையிலும் ஓர் அட்டை வாங்கிக்கொண்டார்.

மாலை 4.10. பிரேதப் பரிசோதனை முடிந்தது. பூச்சிமருந்தின் அறிகுறி இல்லை. கல்லீரல் மட்டும் முழுக்கச் செத்திருந்தது.

5.00. திருமலைச்சாமி, மகாதேவி, டாக்டர் மூவரும் ஸ்டேஷனில் இருந்தார்கள். தேவசேனா கொட்டகை அட்டையை மேசையில் வைத்தார்.

"இது யாருடையது?"

"என்னுதுதான்" என்றார் திருமலைச்சாமி. "ஜீப் ஓட்டி ஓட்டி எனக்கு இடுப்பு வலி. அதுக்கு வச்சிருந்தது. பூண்டு புடுங்கி இடுப்பு ஒடியுதுன்னான். ஒரு நாளைக்கு மூணு போடுன்னு குடுத்தேன்."

தேவசேனா அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு அட்டைகளை வைத்தார்.

"ஒன்று காய்ச்சலுக்கு, ஒன்று சளிக்கு, ஒன்று இடுப்புக்கு. பெயர் வேறு, நிறம் வேறு. ஆனால் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பாருங்கள். மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது. சளி மாத்திரையில் மூக்கை உலர்த்தும் மருந்தோடு அது சேர்ந்திருக்கிறது. இடுப்பு மாத்திரையில் வீக்கம் குறைக்கும் மருந்தோடு. காய்ச்சல் மாத்திரையில் 650 மில்லிகிராம், நாளுக்கு நாலு. சளி மாத்திரையில் 500, அதுவும் நாலு. இடுப்புக்கு 325, மூணு. கூட்டினால் ஐயாயிரத்து ஐந்நூறுக்கும் மேல்."

"நல்ல உடம்புக்கே நாலாயிரத்தைத் தாண்டக்கூடாது" என்றார் டாக்டர். "பாரசிட்டமால் கல்லீரல்ல கரையறப்போ கொஞ்சம் நஞ்சும் உண்டாகும். அத முறிக்கிற சத்து உடம்புல இருக்கு. பட்டினி கெடந்தா அது குறைஞ்சுடும். அவர் அஞ்சு நாள் பட்டினி. சளிக்கும் இடுப்புக்கும் போட்டத அவர் மாத்திரையாவே நினைக்கல. அதான் என்கிட்ட சொல்லல."

"இதில் விஷம் வைத்தவர் யாரும் இல்லை" என்றார் தேவசேனா. "தனித்தனியாகப் பார்த்தால் எந்த மாத்திரையும் அளவு மீறவில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை."

மகாதேவி முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார். "சனிக்கெழமயே இழுத்துட்டு வந்திருந்தா, டாக்டரம்மா?"

"முறிவு மருந்து இருக்குங்க. சனிக்கிழமைன்னா பிழைச்சிருக்கலாம்" என்றார் டாக்டர்.

திருமலைச்சாமி எழுந்தார். "புகார வாபஸ் வாங்கிக்கிறேன் மேடம்." காகிதம் நீட்டப்பட்டது. பேனாவை வாங்கியவர் மகாதேவி பக்கம் திரும்பினார். "தாயி, நாந்தான் அவன..."

"போடுங்க மாமா" என்றார் மகாதேவி. "வெரசாப் போடுங்க. இருட்டுறதுக்குள்ள அவுகள வீட்டுக்குக் கொண்டு போவணும். ஜீப்ப நீங்கதான் ஓட்டணும்."

காலையிலிருந்து எட்டு மணி நேரம், கணவரின் உடலருகே விடாமல், அந்தப் பெண்ணைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தேவசேனா வாயெடுத்தார். அதற்குள் மகாதேவி படியிறங்கியிருந்தார்.