அந்தச் சிவப்புக்கு எது மேல்?

வீல்...!

காலை ஏழு மணிக்கு அந்தத் தெருவையே உலுக்கிய அலறல் அது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வாயில் நுரையோடு ஓடினார்கள்.

அலறியவள் ஓவியரின் மனைவி. கையிலிருந்த டீ டம்ளர் உருண்டு, வாசற்படியில் சிந்திய டீயில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஓவிய அறைக்குள்ளே...

ஓவியர் ஏணிக்கடியில் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். கையில் பிரஷ். எதிரே சுவரில் பத்தடி அகலத்துக்கு ஓர் ஓவியம். பாதி சிவப்பு. மீதிப் பாதி... அதுவும் சிவப்பு!

இவருக்குத் தெருவில் வைத்த பெயர் 'ஒத்தக் கலர்'. மூன்று மாதம் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே நிறத்தை ஊற்றுவார். அதை வாங்கவும் ஆள் வரும். எப்படி என்று யாருக்கும் விளங்கியதில்லை. விசாரிக்காமலும் இருந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் ஏணியை ஆட்டிப் பார்த்தார். ஓவியத்தை இறக்கச் சொல்லி, பின்னால் சுவரைத் தடவினார். பிறகு அதைத் தரையில் கிடத்தச் சொன்னார். இரண்டு வெள்ளைத் துணிகள் வந்தன. ஒன்று ஒத்தக் கலர் மேல், இன்னொன்று அவருடைய சிவப்பு மேல்.

"ஏணியில நின்னு மேல் ஓரத்துக்குப் பெயின்ட் அடிச்சிருக்கார். கால் தவறியிருக்கு. விபத்து. எழுதிக்கோங்க ஏட்டு."

மனைவியின் தம்பி நிம்மதியாக மூச்சு விட்டான். அவன் வக்கீல். எதில் வில்லங்கம் வரும் என்று மோப்பம் பிடிக்கத் தெரிந்தவன்.

ஆனால் அக்கா நகம் கடித்தாள். கதவுக்கும் ஜன்னலுக்கும் நாலு நடை நடந்தாள். எதையாவது சொல்ல வேண்டும் என்றால் அவளுக்கு உடம்பே அரிக்கும்.

"சார்... ஒரு நிமிஷம்..."

"அக்கா! வாயை மூடிட்டு இரு!" தம்பி காதோரம் சீறினான்.

"அது எப்படிடா சும்மா இருக்கிறது? சார், என் வீட்டுக்காரர் ஸ்டூல் மேல ஏறவே நடுங்குவார். பல்பு மாத்துறதுகூட நான்தான்!"

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"அப்புறம் அந்த பிரஷ்! அவர் பிரஷைத் தொட்டே பத்து வருஷமாச்சு. கேன்வாஸைத் தரையில விரிப்பார். கெட்டில்ல இருந்து தண்ணி மாதிரி பெயின்ட் ஊத்துவார். ரப்பர் துடைப்பத்தால இழுப்பார். அவ்வளவுதான்!"

"அப்போ இவரை யாரோ அடிச்சுக் கொன்னுட்டு, ஏணியையும் பிரஷையும் வெச்சிருக்காங்க. அப்படித்தானேம்மா?"

"ஆமா சார்!"

"உங்களைத் தவிர இங்க யார் வருவாங்க?"

அவள் அதையும் மறைக்கவில்லை.

"யாரையும் விட மாட்டார் சார். நான்கூட டீயை வாசல்லயே குடுத்துட்டுப் போயிடணும்..."

தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இந்தத் தருணத்துக்காகத்தான் புடவைகூட மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"எனக்கு எதுக்கு ஊர்வம்பு சார்? இருந்தாலும் கேட்டதைச் சொல்லணும் இல்ல? நேத்து மத்தியானம் இவங்க போட்ட சத்தத்துல என் பசங்க வாய்ப்பாட்டையே மறந்துட்டாங்க. 'உன் மண்டையைப் பிளந்துடுவேன்'னாங்க!"

"ஐயோ டீச்சர்! அது சாப்பிட வராததுக்குத் திட்டினது! நீங்க உங்க வீட்டுக்காரரைச் சொல்லாததா?"

"சொல்லுவேன். ஆனா அவர் உசுரோட இருக்காரே!"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு வாங்கம்மா. பேசலாம்."

பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் விபத்து! பேசியதால் கொலைகாரி!

அப்போதுதான் ஒரு கார் வந்து நின்றது. கேலரிக்காரர் இறங்கினார். சட்டை மடிப்பு கலையாமல் அழத் தெரிந்தவர்.

"போயிட்டானா... நாளைக்குக் கண்காட்சி திறப்பு விழா வெச்சிருக்கேனே! மூணு மாசமா இந்தப் பக்கமே வர விடலை சார். நடு ஹாலுக்குன்னு வெச்சிருந்த பெரிய படம்... அதை நான் இன்னும் கண்ணாலகூடப் பாக்கலை!" கைக்குட்டையை எடுத்தவர், அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா... கோபத்துல ஏதாவது...?"

தம்பி ஜாமீனைப் பற்றி என்னவோ முணுமுணுத்தான். எதுவும் அவள் காதில் ஏறவில்லை. ஒரு கால் ஜீப் படியில். மறு கால் தரையில்.

பின்னாலேயே இரண்டு கான்ஸ்டபிள்கள் அந்தப் பத்தடி ஓவியத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளாடி வந்தார்கள். துணி நழுவி விழுந்தது. மூச்சு வாங்க, கேட்டில் சாய்த்து வைத்தார்கள்.

"ஐயையோ! தலைகீழா வைக்காதீங்கய்யா!" கேலரிக்காரர் பதறிக்கொண்டு ஓடினார். "திருப்புங்க! திருப்பி வைங்க!"

"எப்படி வெச்சா என்ன சார்? சுத்திச் சுத்திச் சிவப்புதானே?" ஏட்டு அலுத்துக்கொண்டார்.

ஜீப் படியிலிருந்த கால் இறங்கியது.

"என்ன சொன்னீங்க?"

"த... தலைகீழா இருக்குன்னேன். ரசனை இருக்கிறவனுக்குத் தெரியும்மா. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்..."

"வரைஞ்ச என் வீட்டுக்காரருக்கே தெரியாதே!" அவள் குரல் உயர்ந்தது. "சார், உள்ள வாங்க. வந்து தரையைப் பாருங்க!"

தரையில் சாக்பீஸால் இரண்டு எண்கள். கதவுப் பக்கம் 1. ஜன்னல் பக்கம் 2. இரண்டாவது எண்ணை ஒட்டி ஒரு நாற்காலி.

"பெயின்ட் காஞ்சதும் படத்தைத் தரையில போட்டுச் சுத்தி உக்காருவார் சார். ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள். நாலு பக்கமும் நாலு நாள் பாத்த பிறகுதான் எது மேல்னு முடிவு பண்ணுவார். உடனே பின்னால அம்பு போடுவார். பத்து வருஷமா இதே கூத்து! நேத்து மத்தியானம் சண்டையே அதுக்குத்தான். 'இப்பத்தான் ரெண்டாவது பக்கம், சாப்பாடு வேணாம்'னார்!"

இன்ஸ்பெக்டர் விடுவிடுவென்று வெளியே போய் ஓவியத்தின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

அம்பு இல்லை!

"மேல்னு ஒண்ணு இன்னும் பிறக்கவே இல்லாத படம் சார் இது! இதுதான் மேல்னு முடிவு பண்ணது ஒரே ஆள்தான்..." அவள் விரலை நீட்டினாள். "இதைத் தூக்கிச் சுவத்துல மாட்டினவன்!"

கேலரிக்காரர் ஓடினார்.

நாலடி. அதற்குள் டியூஷன் டீச்சர் காலை நீட்டினாள். எந்தப் பக்கம் சேர வேண்டும் என்று அவளுக்கு எப்போதும் சரியாகத் தெரியும்.

"பின்ன என்ன சார்!" மண்ணில் கிடந்தபடியே கத்தினார் கேலரிக்காரர். "நேத்து ராத்திரி வந்து கெஞ்சினேன். திறப்பு விழா நெருங்கிடுச்சு, இன்னும் ரெண்டு பக்கம் பாக்கணும்கிறான்! நானே ஏணி போட்டு, முக்கி முனகித் தூக்கி மாட்டி, 'இதாண்டா மேல்'னு காட்டினேன். சிரிச்சான் சார்! இறக்குன்னான். 'உன் கண்ணுல பட்டது இனி உதவாது'ன்னு கத்தியை எடுத்துக் கேன்வாஸைக் கிழிக்கப் போனான். ஆணி அடிச்ச சுத்தியல் என் கையில இருந்தது..."

ஏட்டு விலங்கை மாட்டினார்.

அவள் ஓவியத்தின் முன்னால் போய் நின்றாள். அதுவரை வராத அழுகை இப்போது வந்தது. தம்பி அருகில் வந்து தோளைத் தொட்டான்.

"அக்கா... இனிமே உன்னை வாயை மூடுன்னு சொல்லவே மாட்டேன்."

"சொன்னாலும் கேக்க மாட்டேன்டா." மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரும்பினாள். "சார்... விசாரணை முடிஞ்சதும் படத்தை எனக்குத் தந்துடுங்க. இன்னும் ரெண்டு நாள் உக்கார வேண்டியிருக்கு."

இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு, கேலரிக்காரரை ஜீப்பில் ஏற்றினார்.

"எங்க சார் கூட்டிட்டுப் போறீங்க?"

"கவலைப்படாதீங்க, நல்ல இடம்தான். நாலு பக்கமும் சுவர். ஒரு பக்கத்துக்கு மூணு வருஷம்னு நிதானமா உக்காந்து பாத்துட்டு, எது மேல்னு சொல்லுங்க!"