குண்டு விழும் தூரம்

"விருத்தாம்பாள எங்கூட அனுப்பு, நைனா."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சௌந்தரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். புஷ்பவள்ளி பட்டறைக்குள் கால் வைத்ததுமே கேட்டுவிட்டாள். சிதம்பரம் பஸ்ஸின் புழுதி முகத்தில் ஒட்டியிருந்தது. தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. அப்பா சுப்புராயன் லேத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அது வழக்கந்தான். வழக்கத்தில் இல்லாதது, தன் பேர் காதில் விழுந்தும் தங்கை திரும்பிப் பார்க்காதது. அக்கா வருகிறாள் என்றால் பஸ் ஸ்டாண்டுவரை ஓடி வருகிற பெண் அவள்.

"அனுப்பி?" என்றார் சுப்புராயன்.

"படிக்க வெப்பேன். எனக்கு அங்க பள்ளிக்கூடத்துல வேல கெடச்சிருக்கு. பத்தாவதோட நிறுத்தி இரும்புத்தூள்ல உக்கார வெச்சிருக்கியே, அவ இன்னா ஒனக்குக் கூலியாளா?"

"நீ படிச்சிக் கிழிச்சது போதாதா?"

"கிழிச்சேன். இந்தக் குடும்பத்துல மொதமொதல்ல நாந்தான் கிழிச்சேன்."

கடலூர் ஓல்டு டவுனில் தெருவைப் பார்த்த அவர்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. துறைமுகத்து லாஞ்சுப் படகுகளுக்கு இரும்பு கடையும் டர்னராக இருந்த சுப்புராயன், வேலையை விட்டபின் உடைந்த ஷாப்டுகளை வாங்கிவந்து பீரங்கி கடைய ஆரம்பித்தார். தேவனாம்பட்டினம் கோட்டையில் ஒரு காலத்தில் நின்ற பீரங்கிகள், பத்தில் ஒரு பங்காக. ஒரு சாண் குழாய், ஆரக்கால் வைத்த சக்கரம், திரி வைக்கிற ஓட்டை எல்லாம் அச்சு அசல். ஒவ்வொன்றையும் முடித்ததும் கருமருந்து இடித்து, சுண்டைக்காய் அளவு எஃகுக் குண்டு போட்டு ஒரே ஒரு தரம் சுடுவார். கோட்டையை வாங்கிய வெள்ளைக்காரன் நாலா பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊரெல்லாம் தன்னது என்றானாம். குண்டு உப்பலவாடிக்கு அதனால்தான் அந்தப் பேர் என்று ஊரே சொல்லும் கதை. "சுட்டவனுக்குச் சொந்தம்" என்று அவரும் சொல்லிச் சிரிப்பார். தெருவும் சிரிக்கும்.

எதிர்வீட்டு ஆசியா உம்மாளின் ஆட்டைத் தாண்டிக் குண்டு விழுந்த அன்றோடு அந்தச் சிரிப்பு நின்றது. ஆடு தானாக நடந்துவந்து பட்டறை வாசலில் நின்றது. இழுத்தாலும் போகவில்லை. தழையைக் காட்டினாலும் தின்னவில்லை. நின்றபடியே செத்தது. போன சித்திரையில், வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த விருத்தாம்பாளைத் தாண்டி ஒரு குண்டு போனது. ஈரத் துணியைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தவள்தான். அதற்குப்பின் தெருவில் இறங்கவில்லை. அம்மா போன மாதம் சிதம்பரத்துக்கே வந்து இதைக் காதோடு சொன்னபோது, "பயித்தியமா ஒனக்கு? அந்தாளு அடிச்சி வெச்சிருப்பாரு" என்று புஷ்பவள்ளி எரிந்து விழுந்தாள்.

இப்போது தங்கையின் பக்கத்தில் குந்தினாள். நடுப்பகலிலேயே மேகம் கட்டி அறை கருத்துக் கிடந்தது. தகரக் கூரைக்கு மேலே எங்கோ இடி உருண்டுகொண்டிருந்தது. சுட்ட எண்ணெயும் இரும்பும் கலந்த நாற்றம் தொண்டையில் படிந்தது. விருத்தாம்பாள் மடியில் அந்தச் சித்திரை மாதத்துப் பீரங்கி. முழங்கை நீளக் கம்பியின் நுனியில் எண்ணெய்ப் பஞ்சைச் சுற்றி, குழாய்க்குள் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள், அவசரமே இல்லாமல், கண்ணே கொட்டாமல். புஷ்பவள்ளி அந்தக் கம்பியைப் பார்த்தாள். உள்ளே போயிற்று. இன்னும் போயிற்று. ஒரு சாண் குழாய்க்குள் முழங்கைக் கம்பி, விரல் பிடித்த இடம் வரைக்கும் போயிற்று.

பின்பக்கம் அடைத்த குழாய்.

பி.எஸ்.சி. படித்த கண் அதை ஒத்துக்கொள்ளவில்லை. குனிந்து வாயருகே முகத்தை வைத்தாள். உள்ளேயிருந்து காற்று வந்தது. வெதுவெதுப்பாக, விட்டுவிட்டு. முதலில் ஆட்டு மூத்திர வாடை. அடுத்து, தங்கச்சி தலையில் வைக்கும் தேங்காயெண்ணெய் வாசனை. பூட்டிய வீட்டில் யாரோ கதவைத் தட்டுவதுபோல, வெகு ஆழத்தில் ஒரு சத்தம். அக்கா என்று கேட்டதா? விருத்தாம்பாளின் உதடு அசையவே இல்லை.

முகத்தை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள். அந்தப் பயத்தின் மேலேயே கோபம் ஏறிக்கொண்டு வந்தது.

"இவள இன்னா பண்ண?"

"பத்திரமா வெச்சிருக்கேன்." சுப்புராயன் லேத்தை நிறுத்தினார். தெருக் கதவைப் பார்த்தபடி முக்காலிமேல் புதுப் பீரங்கி ஒன்று நின்றது. அதன் முதுகைத் தடவினார். "இது ஒனக்கு. மருந்து போட்டு வெச்சிருக்கேன். நீ பஸ்சுக்கு நடந்து போவ இல்ல, அப்ப."

சாதாரணமாகத்தான் சொன்னார். சோறு எடுத்து வைத்திருக்கிறேன் என்பதுபோல.

புஷ்பவள்ளி பீரங்கிப் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை எடுத்தாள்.

"ஏய். சுட்டவங்களுக்குத்தான் சொந்தம். யோசிச்சிக்க."

"அதாம் யோசிக்கிறேன். ஒன்ன மாதிரி ஆளுக்கு இவ சொந்தமா இருக்கறதவிட எனக்கே இருக்கட்டும்."

முக்காலியை நகர்த்தினாள். பீரங்கி வாய்க்கு நேர் கீழே தங்கையின் தலை. அதற்கு அப்பால் வாசல். வாசலில், தெருக் குழாயிலிருந்து தண்ணிக் குடத்தோடு ஏறிவந்த அம்மா.

"புஷ்பா, வாண்டாண்டி! கேக்காதன்னு நான் சொன்—"

தீக்குச்சி திரியைத் தொட்டது.

சத்தம் நெஞ்சில் இடித்தது. அறை முழுக்கப் புகை. காது அடைத்து, திறந்தது.

அம்மா அழவில்லை. குடம் கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் படியில் ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. புஷ்பவள்ளியைப் பார்த்தாள். விருத்தாம்பாள் கம்பியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். வந்து அக்காவின் பின்னால் நின்றாள்.

"விருத்தா. ஏதாவது பேசுடி."

"இன்னா பேசணும், அக்கா?"

ஏற்ற இறக்கமே இல்லாத குரல். அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றாள். ஈரக் கையைத் துடைக்கவில்லை.

சுப்புராயன் சுவரோடு ஒட்டிக்கொண்டு காதைத் தெருப்பக்கம் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பயந்து அவள் பார்த்ததே இல்லை.

"எங்க உழுந்திச்சி?"

புஷ்பவள்ளி பையிலிருந்து துண்டை எடுத்தாள்.

"உழுந்த சத்தம் வரலியே, புஷ்பா. இந்நேரம் வந்திருக்கணுமே. வரலியே. பீரங்கிய எங்கிட்டக் குடுத்துடும்மா. எப்பிடியாச்சும் நிறுத்திடறேன்."

கொடுத்துவிடலாம். கை நீட்டி நின்றார். இத்தனை வருஷத்தில் அவளிடம் கை நீட்டி அவர் கேட்டது இதுதான் முதல்முறை. சூடு ஆறாத பீரங்கியைத் துண்டில் சுற்றினாள். பைக்குள் வைத்தாள்.

"வாங்க" என்றாள். இரண்டு பேரும் நடந்தார்கள்.

படி இறங்கினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஆசியா உம்மாள், முக்காடு சரிந்தது தெரியாமல் நின்றாள். அடுத்த கதவு. அதற்கடுத்தது. "பி.எஸ்.சி. போவுது, வழி உடுங்கடா" என்று அவள் போகும்போதெல்லாம் நக்கல் அடிக்கிற டீக்கடைச் சின்னையன், கொதிக்கும் டீயைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். கால் சிவந்தது. அவன் அசையவில்லை.

புஷ்பவள்ளி திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். அவளுக்கு முன்னால், சிதம்பரம் ரோட்டின் இரண்டு பக்கமும், கண்ணுக்கெட்டிய தூரம்வரை, கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போயின. குண்டு இன்னும் விழவில்லை.