அத்தானின் கட்டி

கட்டி வைக்காத எலியின் ரத்தம் மஞ்சள் நிறம் காட்டியிருக்கக் கூடாது.

ஆராய்ச்சியாளன் குழிகள் கொண்ட சோதனைத் தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். மனிதச் சிறுநீரகக் கட்டியை எலிகளின் விலாத்தோலுக்கடியில் வளர்த்து, அது ரத்தத்தில் உதிர்க்கும் ஆன்டிஜென் என்ற புரதத்தைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. ஆன்டிஜென் இருந்தால் ரத்தம் விட்ட குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீராய் நிற்கும். இன்று எல்லாக் குழிகளும் மஞ்சள்.

"எங்கயோ கலந்துடுச்சு சார். திரும்பப் போடட்டுமா?" என்றாள் டெக்னீஷியன்.

"வேண்டாம். நீங்க கிளம்புங்க, நான் பார்த்துக்கறேன்."

அந்தக் கட்டி யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. அவன் அக்காவின் கணவருடையது. ஆபரேஷனுக்கு முன்னால் அத்தான் தெளிவாகவே சொன்னார்: "என்கிட்ட இருந்து எடுக்கறதை உன் எலிக்கு வைக்காதே. வெச்சேன்னா உன்னைச் சும்மா விடமாட்டேன்." இவன் தலையாட்டினான். ஆபரேஷன் முடிந்த மறுநாளே வைத்தான். அத்தான் போய்ச் சேர்ந்தார். கட்டி மட்டும் எலி விட்டு எலி மாறிக் கொழுகொழுவென்று வளர்ந்தது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தன் விரலைக் குத்தி, தன் ரத்தத்தையே சோதித்தான்.

மஞ்சள். மற்ற எல்லாவற்றையும்விட அடர்த்தியாக.

எல்லா எலிகளையும் கொன்றுவிட வேண்டியதுதான் என்று விலங்கறைக்கு ஓடினான். ஜன்னலில்லாத அந்த அறையில் மரத்தூளும் மூத்திரமும் பிளீச்சிங் பவுடரும் கலந்த வாடை எப்போதும்போல் மூக்கில் ஏறியது. ஆனால் கொறிக்கும் சத்தம், சுரண்டும் சத்தம், தண்ணீர்ப் புட்டியை நக்கும் சத்தம் எதுவுமே இல்லை. முடியில்லாத இளஞ்சிவப்பு உடம்புகள் கூண்டுக் கம்பிகளில் ஒட்டி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. அக்கா.

"டேய், மனசு என்னமோ பண்ணுதுடா. அவரை முழுசாத்தானே புதைச்சோம்?"

"என்ன கேள்விக்கா இது? முழுசாத்தான்."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்: "உன் பக்கத்துல யாருடா? அவர் கனைக்கற மாதிரியே இருக்கு."

போன் கைநழுவி விழுந்தது.

பக்கத்தில் யாருமில்லை. கனைப்பு மட்டும் கேட்டது. அவனுக்குள்ளிருந்து.

சட்டையைத் தூக்கினான். இடது விலாவில் ஒரு புடைப்பு. சூடாக. துடித்துக்கொண்டு.

கூண்டுகளில் அசைவு.

எல்லா எலிகளும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பித் தங்கள் இடது விலாவைக் கடிக்கத் தொடங்கின.

அவற்றின் தோலில் கீறல்கூட விழவில்லை. கிழிந்தது அவனுடையது.